டிராம்போன் வரிசையில் ஒருத்தி

செப்டம்பர் 14, சனி

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இருபத்தோரு வருடம். மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கிற இந்த உயர்நிலைப் பள்ளி பேண்டுக்கு உதவி இயக்குநராக வந்ததிலிருந்து, கேட்டால் தலையாட்டுவேன், கேட்காவிட்டால் காப்பி குடிப்பேன். யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

இன்று சீசனின் முதல் போட்டி. ஏழு பள்ளிகளில் ஐந்தாவது. மழை வேறு. நடுவர்கள் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவுக் கருவியில் பேசுவார்கள். அந்தப் பதிவு அன்றே எங்கள் கைக்கு வந்துவிடும். திரும்பும் வழியில் கோரி ஹால்டமன் அதை வேனில் சத்தமாக வைத்தான். மைதானத்துக்குள் பிள்ளைகளோடு கூடவே நடந்துவரும் நடுவரின் குரல்: "டிராம்போன்... டிராம்போன்... ஐயோ பாவம், என்ன இது." பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

"புரொபசர், பெருமூச்சுக்கு எவ்வளவு மார்க் கழிச்சிருப்பான்?" என்றான் கோரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கோரிக்கு முப்பத்துநான்கு வயது. இயக்குநர். அந்தப் பதவிக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டாம் முறை தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் என் முதுகலைப் பட்டத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவர் இங்கே எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டாராம். தங்கிவிட்டேன். புரொபசர் என்பது மரியாதையில் வந்த பெயர் இல்லை.

டிராம்போன், டியூபா என்கிற பித்தளை ஊதுவாத்தியங்கள் இரண்டும் என் பொறுப்பு. டிராம்போன்கள் பள்ளியின் சொத்து. பாதி வாத்தியங்களில் சுரம் மாற்ற இழுத்துத் தள்ளுகிற குழாய், அந்த ஸ்லைடு, நெளிந்திருக்கிறது, இழுத்தால் நடுவில் சிக்கும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மூன்று வருடமாகப் பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்த வருடம் பெற்றோர் சங்கம் திரட்டிய பணம் மொத்தமும் வெளிமாநிலக் காட்சி வடிவமைப்பாளர் ஒருவருக்கும், மைதானத்தில் நிறுத்துகிற ஆள் உயரத் தட்டிகளுக்கும் போயிற்று. காட்சியின் பெயர் கண்ணாடிக் கடல். தட்டிகள் பிளாஸ்டிக்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அந்தப் பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பேண்டுக்கு நிதி திரட்ட மெத்தை விற்பனை. பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் முழுக்க மெத்தைகள். ஊர்க்காரர்கள் காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்துப் புரண்டு பார்க்கிறார்கள். நான் வாசலில் விளம்பர அட்டையோடு நின்றேன். படித்த படிப்புக்கு.

பெற்றோர் சங்கத் தலைவி மிசஸ் யோடர் ஒரு மெத்தையில் நீட்டிப் படுத்திருந்தார். "சும்மா படுத்துப் பாருங்க சார், காசா பணமா."

நின்றுகொண்டே ஸ்லைடு விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. "சார், ஜனங்க பாக்கத்தான் வர்றாங்க. ஸ்லைடு நெளிஞ்சிருக்கிறது மேல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியுமா? தட்டி தெரியும்."

"காதுன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு. அது உங்களுக்கு இருக்கு. ஓட்டுப் போடறவனுக்குக் கண்ணுதான்." அடுத்த ஆண்டு பள்ளி வரிக்கு ஊரில் வாக்கெடுப்பு வருகிறது, அதைச் சொல்கிறார். அவர் சொன்னது தவறென்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 26, வியாழன்

கோரி என் அறைக்கு வந்தான். உட்காரவும் செய்தான்.

"ஒரு உதவி, புரொபசர். டிராம்போன் பகுதிய நீங்களே ஊதிப் பதிவு பண்ணிக் குடுங்க. மேல் சுரம் கீழ் சுரம்னு பிரிஞ்சிருக்கிற நாலு குரலும்."

"பிள்ளைங்க கேட்டுப் பழகவா?"

"ஸ்பீக்கர்ல போட."

எங்கள் போட்டிக் கழகத்தின் விதி தெளிவாக இருக்கிறது. பேச்சு, காற்று, இடி, அலை, எதையும் முன்பே பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடலாம். ஊதுகிற வாத்தியத்தின் ஒலியை மட்டும் விடக் கூடாது. அதை மைதானத்தில் நிற்கிற பிள்ளைதான் ஊத வேண்டும். விதியைச் சொன்னேன்.

"அலைச் சத்தத்துக்கு அடியில வெக்கிறேன். அலைக்குள்ள என்ன இருக்குன்னு வடிகட்டியா பாக்கப் போறான்?" பிறகு, குரலைத் தாழ்த்தி: "இந்தச் சத்தம் உங்கள விட்டா இந்த ஜில்லாவுல யாருக்கு வரும்?"

மாலை வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு ஊதினேன். பெரும்பாலும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. நான்கு குரலையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டுக் கேட்டேன். நானே நால்வராகி ஒரு சுவரைப் போல நின்றேன்.

ஏன் ஒப்புக்கொண்டேன்? தெரியவில்லை. தெரியும். கேட்டானே, அதனால்தான்.

அக்டோபர் 5, சனி

டேட்டன் பக்கத்தில் போட்டி. இரண்டாம் இடம்.

எல்லா பேண்டிலும் ஊதத் தெரியாத ஒன்றிரண்டு புதுப் பிள்ளைகளிடம், வாத்தியத்தைத் தூக்கிப் பிடி, நட, ஊதாதே என்று காதோடு சொல்வதுண்டு. அதை யாரும் பாவமென்று நினைப்பதில்லை. கோரி அதை என் டிராம்போன் வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டான். ஒன்பது பேரும் வாத்தியத்தை உதட்டில் வைத்து, ஸ்லைடைச் சரியான இடத்துக்கு இழுத்து, கன்னம்கூட உப்பாமல் நடந்தார்கள். ஸ்பீக்கரில் நான்.

வேனில் நடுவர் பதிவு: "அடியிலேர்ந்து வர்ற அந்த டிராம்போன், வெண்ணெய் மாதிரி இருக்கு. இந்தப் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரோ, அவருக்கு ஒரு சலாம்."

கோரி ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையெடுத்து எனக்கு சலாம் வைத்தான். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

என்ன சொல்ல — சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் முதல் முறை. எழுதவே கூசுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் கென்ஸி பக்னர் போகாமல் நின்றாள். டிராம்போன் வரிசைத் தலைவி, பன்னிரண்டாம் வகுப்பு. மாலையில் தீவனக் கடையில் வேலை. மூட்டை தூக்கித் தோள் அகன்றிருக்கிறது. ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது ஸ்லைடின் கடைசி இடம் அவள் கைக்கு எட்டாது, காலால் உதைத்து நீட்டுவாள்.

"சார், ஊதட்டுமா வேணாமா?"

"வேணாம்னு கோரி சார் சொல்லியிருக்கார்."

"அவர் சொன்னது தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் இசைத்தாள்களை அடுக்கினேன்.

"ஸ்பீக்கர்ல ஊதறது நீங்கதானே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆறு வருஷமா பக்கத்துல உக்காந்து கேக்கறேன். நோட்டு முடியறப்ப லேசா மூச்சு விடுவீங்க. நாய்க்குட்டி தூங்கறப்ப விடுமே, அந்த மாதிரி."

அடுக்கிய தாள்களைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

"நல்லாருக்கு சார். நெஜமாவே நல்லாருக்கு. ஆனா இது எங்க வருஷம்."



அக்டோபர் 12, சனி

முதல் இடம். மிசஸ் யோடர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அக்டோபர் 17, வியாழன்

கென்ஸி தினமும் முதல் மணிக்கு முன்பே வந்து தனியாகப் பயிற்சி செய்கிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நன்றாகவே ஊதுகிறாள். வெண்ணெய் இல்லை. ஆனால் நேர்மையான ஒலி. இறுதிப் போட்டியில் அவளை மட்டுமாவது ஊத விடலாம் என்று கோரியிடம் சொன்னேன்.

"ஒருத்தி மட்டுமா? பதிவோட சேர்ந்து ஊதினா ரெண்டும் ஒட்டாது. வேணாம். பாவம் பாக்கறதா இருந்தா சீசன் முடிஞ்சு பாருங்க."

சரி என்றேன். சரி என்பதை நான் எவ்வளவு அழகாகச் சொல்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

போட்டிக் கழகத்திடம் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். மறுமுனையில் ஒரு பெண், "உங்க பேரு சார்?" என்றாள். வைத்துவிட்டேன்.

நவம்பர் 2, சனி

இறுதிப் போட்டி. திறந்த மைதானம், உறைகிற குளிர். பார்வையாளர்கள் கம்பளிக்குள் சுருண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் வாத்தியத்துக்குள் இருக்கிற காற்றும் குளிர்ந்து சுருதி இறங்கும். முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மொத்த பேண்டும் சேர்ந்து இறங்கினால் யார் காதிலும் உறுத்தாது. நான் பதிவு செய்தது வெந்நீர்க் குழாய் ஓடுகிற கதகதப்பான அறையில். அது இறங்காது. எனக்கு இது மைதானத்தில்தான் உறைத்தது. இவ்வளவு படித்தவனுக்கு.

பிள்ளைகள் அணிவகுத்து வந்தார்கள். ஓரக்கோட்டில் நின்று பார்த்தேன். அலைச் சத்தம் எழுந்தது, அதன் அடியில் நான் எழுந்தேன். டிராம்போன் வரிசையில் எட்டுப் பேரின் தோள்கள் அசையவில்லை. வலது ஓரத்தில் ஒருத்தியின் தோள்கள் மட்டும் ஒவ்வொரு வரிக்கு முன்பும் ஏறி இறங்கின.

ஊதினாள். கடைசி வரை ஊதினாள். மைதான நடுவர் கருவியை வாயருகே பிடித்தபடி அவளை ஒட்டி நடந்துபோனார்.

மூன்றாம் இடம். இறுதிப் போட்டியில் இந்தப் பள்ளி இதுவரை காணாதது. இரண்டாம் இடத்துக்கும் எங்களுக்கும் மயிரிழை வித்தியாசம்.

நவம்பர் 5, செவ்வாய்

கோரி நடுவர் பதிவை மொத்த பேண்டுக்கும் போட்டுக் காட்டினான். பாராட்டுகளாக வந்தன. கைதட்டினார்கள். பிறகு அந்தக் குரல்:

"டிராம்போன் பிரமாதம். வலது ஓரத்துல ஒரு பொண்ணு மட்டும் சுருதி கீழ நிக்குது. அம்மா, கூட இருக்கிறவங்களக் கேளும்மா. அவங்க எவ்வளவு அழகா சேர்ந்திருக்காங்க பாரு."

கூட இருக்கிறவர்கள் ஊதவே இல்லை. மைதானத்தில் டிராம்போன் ஊதியது அவள் ஒருத்திதான். முப்பது வருடக் காது அந்த ஆளுக்கு.

தாளக் கருவிக்காரர்களில் ஒருவன், "அந்த மயிரிழை யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான். சிரிப்பு. இன்னொரு பெண், "ஊதாதேன்னா ஊதாம இருக்க வேண்டியதுதானே. பெரிய இவ." கோரி அதட்டவில்லை. மற்ற எட்டு டிராம்போன் பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள்.

கென்ஸி என்னைப் பார்த்தாள்.

நான் இசைத்தாள் தாங்கிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் 6, புதன்

கென்ஸி சீருடையைத் துவைத்து மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குளிர்கால நிகழ்ச்சிக்கு வர மாட்டாளாம்.

நவம்பர் 21, வியாழன்

கோரிக்குக் கொலம்பஸ் பக்கத்தில் பெரிய பள்ளியில் வேலை. ஜனவரியில் போகிறான். பேண்டுக்கென்றே தனிக் கட்டிடம் இருக்கிறதாம்.

"உங்க டிராம்போன்தான் என்ன அங்க கொண்டுபோய் விட்டுது, புரொபசர்." கேலியா நன்றியா? அவனுக்கே தெரிந்திருக்காது.

டிசம்பர் 3, செவ்வாய்

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநர் பதவி எனக்குத்தான் என்றார். விண்ணப்பம், தேர்வுக் குழு, எதுவும் கிடையாது.

"நடுவர்ங்க சொன்னத எல்லாம் கேட்டேன். உங்க வரிசைய மட்டும் ஒவ்வொருத்தரும் தனியா எடுத்துப் பேசியிருக்காங்க. இவ்வளவு நாள் உங்கள நாங்க சரியா கவனிக்கல, மன்னிச்சுக்குங்க."

இந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். வந்தது. வந்து உட்கார்ந்தது. மீன் முள் மாதிரி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 7, சனி

தீவனக் கடைக்குப் போனேன். கென்ஸி ஒரு கிழவருக்குக் கோழித்தீவனம் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரை மாடு நக்குகிற உப்புக்கட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார், கோழி வளக்கறீங்களா?"

"தப்பு உன் மேல இல்ல. பதிவுதான் சுருதி மேல நின்னுது. நீ சரியாத்தான் ஊதின."

"தெரியும் சார். டியூபாவக் கேட்டுக்கிட்டேதான் ஊதினேன். டியூபாவோட ஒட்டுச்சு." மேசையைத் துடைத்தாள். "இத என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

"வேற யார்கிட்ட..."

"சிரிச்சாங்களே, அவங்ககிட்ட."

சொன்னால் மூன்றாம் இடம் போய்விடும், மற்றப் பிள்ளைகளின் கோப்பை, ஊர், வரி வாக்கெடுப்பு — எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி சார்" என்றாள். நான் சொல்கிற மாதிரியே சொன்னாள். அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

டிசம்பர் 9, திங்கள்

காலையில் பிரின்சிபால் அறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். மிசஸ் யோடர் கேக் கொண்டுவந்திருந்தார். புது டிராம்போன்களுக்கு வழி செய்வதாகவும் சொன்னார். ஜெயித்துவிட்டோம் இல்லையா, இனிமேல் கிடைக்கும்.

செப்டம்பரிலிருந்து எழுதிய அத்தனையையும் இன்று உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். எதையும் வெட்டவில்லை, என்னைப் பற்றி இருப்பதையும்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இந்த மாநிலத்தில் பேண்ட் நடத்துகிறவர்கள் எல்லோரும் தினமும் மேய்கிற இணையப் பலகை ஒன்று உண்டு. அங்கே போடப் போகிறேன். மூன்றாம் இடம் வந்தது எந்தப் பள்ளி என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். வலது ஓரத்தில் நின்ற பெண் யார் என்று எங்கள் பிள்ளைகளுக்கு அதுகூட வேண்டாம்.

எழுதியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்காகத்தான் அதை நிரப்பவில்லை என்று எழுதினேன். அழித்துவிட்டேன்.

இன்று ஒரு கையெழுத்துப் போட்டாயிற்று. இதற்குப் போடப் போவதில்லை.