மலையைச் சுரண்டிப் பிசைந்த மண்

அஷூரிலிருந்து எலாலி, கானேஷில் வாழ்க்கைப்பட்ட தன் மகள் ஷலிம்மாவுக்கு எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை பெருவாவும், எல்லாரையும்விட என் பேரன் கூராவும் சுகம் என்ற சொல்லுக்குத்தான் காத்துக்கிடக்கிறோம்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மண் உறையை உடைத்து உள்ளே இருந்த மண்பலகையைப் படித்தேன். குழந்தைக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல் விடவில்லை, பால் குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதி நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, என் பதில் வர இன்னொரு நாற்பத்தைந்து. நாளைக் காலை கிளம்பும் கழுதைகள்தான் இந்த வருஷத்துக்குக் கடைசி, பிறகு பனி விழுந்து மலைவழி அடைபட்டுவிடும், வசந்தம் வரை உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் வராது. அதனால் எது நடந்திருந்தாலும் உதவுகிற மாதிரி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன் அம்மா, "ஏங்க, வெள்ளீயத்துக்கு விலை கேட்டா மூச்சு விடாம சொல்லுவீங்க, பொண்ணு ஒண்ணு கேட்டதுக்கு ரெண்டு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று குத்திக்காட்டிவிட்டாள்.

நீ கேட்டது இரண்டு. நம் சாமி நம் ஊர் மலை, அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்குக் காது கேட்குமா என்றாய். உன் மாமியார் அந்த ஊர் ஊற்றுத் தாய்க்கு பீர் ஊற்றி வேண்டிக்கொள்ளச் சொல்கிறார், போனால் அங்கே குடியிருக்கும் நம் ஊர் வியாபாரித் தெருக்காரர்கள் ஏசுவார்களே என்றாய். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். போ. நல்ல பீராகவே எடுத்துக்கொண்டு போ, அடிமண்டி வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் உன் பிள்ளை வளர்கிறான், அவளிடம் கேட்பதில் என்ன வெட்கம்? ஏசுகிறவர்கள் யாரும் உன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருக்கப் போவதில்லை.

இனி காது விஷயம். பூசாரிகள் வேறு மாதிரி சொல்வார்கள், நான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன். ஆடு மேய்த்துக்கொண்டு இங்கே வந்த நம் முன்னோருக்கு மலைக்குள்ளே யாரும் இல்லை, மலையேதான் எல்லாம். முதல் ஈற்றுப் பாலைப் பாறைமேல் ஊற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். யாரோ பால் வைக்கிற இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள், சுவர் வந்ததும் கதவு வந்தது, கதவு இருந்தால் உள்ளே ஒருவர் இருக்கத்தானே வேண்டும்? இருப்பவருக்கு முகம் வேண்டும், பசிக்கும், தூக்கம் வரும். அப்படித்தான் ரொட்டியும் கட்டிலும் வந்தன. ராஜாவைப் பார்த்த பிறகு அவரையும் ராஜா என்றார்கள். தெற்கே மாடு வைத்திருக்கிறவர்கள் பிறைநிலாவைக் காளையின் கொம்பு என்கிறார்கள், ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஆற்றைக் கும்பிடுகிறார்கள். அவரவர் வாழ்க்கையில் எது பெரிதோ அதற்கு அவரவர் முகத்தை ஒட்டுகிறார்கள். வியாபாரிகள் நாங்கள் மட்டும் குறைந்தவர்களா? மலையைக் கழுதைமேல் ஏற்ற முடியவில்லை, அதனால் அவர் பெயரில் ஒரு கத்தி செய்து கானேஷுக்குக் கொண்டுவந்து அதன்மேல் சத்தியம் பண்ணுகிறோம். உட்கார்ந்திருந்தவரை நடக்கவைத்தது நாங்கள்தான்.

இதனால் சாமி பொய் என்று நான் சொல்வதாக நினைக்காதே. பதினெட்டு வயதில் அடுத்தவன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனபோது கணவாயில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டேன். அப்போது நான் மலையே என்று கூப்பிடவில்லை, ராஜாவே என்றும் கூப்பிடவில்லை. "அப்பா" என்று கத்தினேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை அது. கேட்டாரா தெரியாது, பிழைத்தேன். முந்தாநாள் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். நீ அழுதது எனக்கு நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் கேட்டது, அதற்காக நான் உன் அப்பன் இல்லை என்று ஆகிவிடுமா? அவரும் அப்படி ஒருவராக இருக்கலாம் அம்மாடி. காது கொஞ்சம் தூரம், மனசு தூரமில்லை.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று விடிந்ததும் மலையடிக்குப் போய், பாறையைக் கத்தியால் சுரண்டினேன். பூசாரி இப்னி பார்த்துவிட்டான். "யோவ் எலாலி, சாமியையே சுரண்டுறியா, அதையும் மூட்டை கட்டி வித்துருவியே நீ!" என்றான். "என் பேரன் அங்க படுத்துக் கிடக்கான், இவரு இங்க உக்காந்திருக்காரு. ரெண்டு பேர்ல ஒருத்தரு நகர வேண்டாமாய்யா?" என்றேன். அவன், "நான் ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், சீக்கிரம் ஆகட்டும்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அந்தத் தூளைப் போட்டுப் பிசைந்த மண்ணில்தான் இதை எழுதியிருக்கிறேன். உறை வெறும் மண், அதை வீசிவிடு. மாப்பிள்ளை வந்த கடிதத்தையெல்லாம் ஜாடியில் அடுக்கி வைக்கிற ஆள், இதை அவர் கையில் கொடுக்காதே. அந்த ஊற்றுத் தண்ணீரிலேயே கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தடவு, இரண்டு சாமிகளும் கலந்து பேசிக்கொள்ளட்டும். காய்ச்சல் விட்டிருந்தாலும் தடவு. இறுக்கிச் சுற்றாதே, வாற்கோதுமைக் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடு, நீயும் சாப்பிடு. வேறு மாதிரி ஆகியிருந்தால், எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், கரைக்க வேண்டாம். நம் வழக்கப்படி வீட்டுத் தரைக்குள் அவனை அடக்கம் பண்ணிய இடத்தில், அவன் பக்கத்தில் இதை வை. தாத்தா ஊர் மலை அவன்கூட இருக்கட்டும்.

நீயும் உன் வீடும் நிறைந்து வாழவேண்டும், உன் பிள்ளை கழுதைமேல் ஏறி என்னைப் பார்க்க வரவேண்டும். பனி உருகி வழி திறந்ததும் முதல் கழுதையில் ஒரு வரி போதும், மறந்துவிடாதே. உன் அம்மாவுக்கு எழுத வராது, அதனால் ஓரத்தில் ஈர மண்ணில் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறாள். கரைக்கும்போது அந்த இடத்தைக் கடைசியாகக் கரை.

உன் அப்பன்,
எலாலி