கன்னியம்மாவுக்கு வைத்த பல்

ஜூலை 8, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். ரேஷனில் பாமாயில் வரவில்லை. கண் சொட்டு மருந்து தீர்ந்தது, வாங்க வேண்டும்.

திரும்பும் வழியில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கச் சுவரைப் பார்த்தேன். கன்னியம்மா. என் பெண்டாட்டி. பனைமர உயரத்துக்குப் படம். மடியில் வேர்க்கடலைக் கூடை, சுற்றிலும் தாமரை, புறா. புறாவுக்கு ஒரு கடலை போட்டவள் இல்லை அவள். வாய் நிறையச் சிரிப்பு வேறு. முன்பல் விழுந்த நாளிலிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பல் வைத்துவிட்டார்கள்.

கீழே எழுத்து: இந்த மண்ணின் முகங்கள்.

ஸ்டேஷன் வேலை ஆரம்பித்தபோது இதே இடத்திலிருந்துதான் அவளைக் கிளப்பினார்கள். கூடையைத் தூக்கிப் போட்டதில் கடலை எல்லாம் ரோட்டில். அதன் பிறகு வேறு இடம் தேடவில்லை. வீட்டில் படுத்தவள்தான். மறு வருடம் போய்விட்டாள்.

போட்டோ கொடுத்தது என் மகன் சேகர். கேட்டேன்.

"ஊரே அம்மாவப் பாக்குது நைனா. பெருமதான?"

அவனோடு பேச்சில்லை.

ஜூலை 11, சனி

வெயில். சொட்டு மருந்து வாங்கவில்லை.

வரைந்த பெண் ஏணி மேல் நின்று தாமரைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பல்லை எடு என்றேன்.

"சிரிச்சாதான் தாத்தா பாசிட்டிவா இருக்கும். இது உங்க ஜனங்களோட கதை."

கதை என்றால் கூடையைத் தூக்கிப் போட்டவனையும் வரை என்றேன். கீழே இறங்கிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை. அழிக்கச் சொல்லி ஸ்டேஷன் ஆபீசில் மனு. அங்கே உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

மாலை மழை. கொடியில் துணி நனைந்தது.

பைக் நிறுத்தும் இடம் அந்தச் சுவரை ஒட்டித்தான். இருவர் அவள் காலடியில் ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தார்கள். கத்தினேன்.

"செவுத்துக்கு இன்னா பெருசு வக்காலத்து?"

"அது என் பெண்டாட்டி."

"அப்ப ஊட்டுக்கு இட்டுகினு போ மாமே." சிரித்துக்கொண்டே பேன்ட்டைச் சரிசெய்தார்கள்.

நேராக ஸ்டேஷன் ஆபீஸ். இந்த முறை அதிகாரி முழுதும் கேட்டார். மூக்கைச் சுளித்தார், அந்த நாற்றம் அவருக்கும் தெரியும்போல.

"நான் ஏற்பாடு பண்றேன் பெரியவரே. இனிமே ஒருத்தன் அங்க நிக்கமாட்டான்."

அழிக்கப்போகிறார்கள். திரும்பும்போது ஒரு டீ குடித்தேன்.

ஜூலை 18, சனி

முட்டி வீக்கம். வெளியே போகவில்லை. சேகர் தைலம் வாங்கி வைத்தான். தடவிக்கொண்டேன். பேசவில்லை.

ஜூலை 24, ஆடி வெள்ளி

விடியும் முன்பே ஒலிபெருக்கி. முட்டி பரவாயில்லை. மெல்ல நடந்து போனேன்.

அழிக்கவில்லை. நெற்றியில் தட்டு அளவு குங்குமம். தலைக்குப் பின்னால் வேப்பிலை. புதிதாக இரண்டு கை, ஒன்றில் சூலம். கடலைக்கு மேல் மஞ்சள் அடித்து எலுமிச்சம்பழமாக்கிவிட்டார்கள். புறா நின்ற இடத்தில் கிளி. சிரிப்பை மட்டும் தொடவில்லை. பல் எல்லாம் அப்படியே.

தரை கழுவிக் கோலம். நாற்றம் இல்லை.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்தான். "பாத்தியா பெருசு, ஒரு பய கிட்ட வர்றானா? நீ குட்த்த மனுதான்."

சுவர் ஓரம், அவள் உட்கார்ந்த அதே இடத்தில், ஒருத்தி கூடை வைத்துக் கற்பூரம் விற்கிறாள். யாரும் கிளப்பவில்லை. வாட்ச்மேனே அவளிடம் ஒரு கட்டி வாங்கிக் கொளுத்தினான்.

சுவரைத் தொடப் போனேன். கூடைக்காரி கையை நீட்டித் தடுத்தாள்.

"செருப்ப கழட்டு பெருசு. அம்மா கீறா, கண்ணு தெரியல?"

தெரிகிறது என்றேன். கழட்டவில்லை.