குச்சி நட்ட இடத்திலிருந்து

அடியே,

இன்று காலை திருப்பனந்தாள் தாண்டியதும் பஸ்ஸில் சிக்னல் போய்விட்டது. மகளுக்கு எழுதிய செய்தியின் ஓரத்தில் குட்டிக் கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச தூரம் போனதும், நான் தொடாமலே அது மறைந்து டிக் விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். "ஆமாங்க, போய்ச் சேந்துடுச்சு" என்றேன். இதைத்தானேடி நீயும் நானும் அன்றைக்கு ஒரு விளக்குக் கடையில் நின்று அத்தனை பேர் முன்னால் நிரூபித்தோம்! இப்போது எல்லார் கைப்பையிலும் அது கிடக்கிறது. நம்மைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போது கும்பகோணத்தில் கீழே வெற்றிலை மண்டி, மேலே நம் கம்ப்யூட்டர் சென்டர். டைப் அடிக்க ஆள் வந்தது, படிக்க ஆள் வரவில்லை. உன் அண்ணன் ஒருநாள் வந்து, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல், "தைக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லன்னா கடைய மூடிட்டு ஊருக்கு வந்துடு. மாப்பிள்ளை வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. உன் அப்பா கூலிக்கு நட்ட வயலில் ஒரு துண்டைச் சொந்தமாக்கி, உன்னைப் படிக்கவும் வைத்தவர். அதனாலேயே அவரிடம் உன்னால் சண்டை பிடிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பித்தளை விளக்கு வியாபாரிகள் சங்கத் தலைவர் நம்மைக் கூப்பிட்டு அனுப்பினார். "வெளிநாட்டு ஆர்டருக்கு ஈமெயில் வேணுமாம். ரெண்டு சாஃப்ட்வேர் இருக்கு. எது உருப்படின்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. சரியாச் சொன்னீங்கன்னா எல்லாக் கடைக்கும் நீங்களே போட்டுக் குடுங்க." உனக்கு அது சென்டரைக் காப்பாற்றும் வேலை. ஊருக்குப் போகாமல் இருக்க உனக்கு இருந்த ஒரே வழி.

ஒன்று, சென்னை ஏஜென்ட் கொண்டுவந்தது. திறந்தாலே வண்ண வண்ணமாகப் பூக்கும். ஆனால் கடிதத்தைப் படிப்பது, எழுதுவது எல்லாமே ஃபோன் இணைப்பில் இருக்கும்போதுதான். இன்னொன்று கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. திருச்சியில் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு ஃபோன் போட்டு, வந்த கடிதங்களை அள்ளிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். நாம் நிதானமாகப் படித்து, பதில் எழுதி வைத்தால், அடுத்த அழைப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். செய்திக்குழுக்களும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் உலகம் பூராவும் உட்கார்ந்து பேசும் பேச்சின் தலைப்புகளை மட்டும் முதலில் கொண்டுவரும். வேண்டியதைக் குறித்து வைத்தால் மறுதடவை முழுசாக வரும்.

நான் என்ன செய்தேன்? ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு மார்க் கொடுத்தேன். அழகுக்கு இவ்வளவு, எளிமைக்கு இவ்வளவு. வண்ணம்தான் ஜெயித்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, பொண்ணு பாக்கவா வந்திருக்க? கலரு, முகவெட்டு எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்க. பாதியில நின்னா என்ன ஆகும்னு ஒரு கேள்விய காணோமே!" என்றாய்.

பூம்புகார்ப் பக்கம் கடைமடையில் பிறந்தவள் நீ. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர், பல தடவை வராமலே நின்றுவிடும் ஊர். "முறைத் தண்ணி எந்த வயலோட நின்னுச்சோ அந்த வரப்புல ஒரு நொச்சிக் குச்சிய நட்டுட்டு வருவாங்க. அடுத்த முறை அங்கேர்ந்துதான் பாயணும். முதல் வயல்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சா எங்களுக்கு எந்தக் காலத்துல வரும்? இந்த சாஃப்ட்வேர் குச்சி நடுதான்னு பாரு, அது போதும்." நான் கட்டத்தைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் நாம் அடித்த கூத்து! கடிதம் போய்க்கொண்டிருக்கும்போதே ஃபோன் வயரைப் பிடுங்குவோம், செருகுவோம். வண்ணக்காரி ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மறந்தாள். கறுப்பி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நடுவில் ஒரு செய்திக்குழுவில், கையால் வார்த்த விளக்கு யாருக்காவது வேண்டுமா என்று நம் ஓட்டை இங்கிலீஷில் கேட்டும் வைத்தோம்.

தலைவரின் கடையில் சங்கமே கூடியிருந்தது. ஐப்பசி மழை அன்றைக்கென்று பார்த்து ஓய்ந்து, ஃபோன் லைன் பளிச்சென்று இருந்தது. ஏஜென்ட் தன் மென்பொருளை ஓட்டிக் காட்ட, "அடடா, சினிமா மாதிரி இருக்கே" என்றார்கள். லைன் அறுந்தால்தானே நம் கறுப்பியின் அருமை தெரியும்? நீ எழுந்தாய். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு, இரண்டுக்கும் ஒரே லைன். உள்ளே பார்த்து உரக்கக் குரல் கொடுத்தாய். "அம்மா, அங்க இருக்கிற ஃபோனை எடுத்து ஒரு ஹலோ சொல்லுங்க!"

"ஹலோ, யாரு பேசறது?" என்றார் தலைவர் வீட்டம்மா. வண்ணத்திரை அப்படியே உறைந்தது. ஏஜென்ட் பாதி எழுதியிருந்த கடிதம் போயே போய்விட்டது. "இது அநியாயம்ங்க, வீட்ல ஃபோனை எடுக்கக்கூடாதுன்னு சொல்லிடணும்" என்றார் அவர்.

"எங்க வீட்ல அப்படிச் சொல்லிட்டு நான் சோறு திங்க முடியுமா?" என்றார் தலைவர். கடையே சிரித்தது.

அடுத்து நம் கறுப்பி. "இன்னொரு தடவை எடுங்கம்மா!" இணைப்பு அறுந்தது. நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "வச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஃபோன் போட்டாய். நின்ற இடத்திலிருந்து ஓடியது. வீட்டம்மாவுக்கு உற்சாகம் தாங்காமல் தானாகவே மறுபடி எடுத்தார். அப்போதும் ஓடியது! கடைசியில் வந்து இறங்கிய செய்திகளில், நம் கேள்விக்குக் கனடாவிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். குத்துவிளக்கின் உயரம் கேட்டு. தலைவர் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னார்.

சங்கத்துக் கடைகள் அத்தனைக்கும் போட்டுக் கொடுக்கும் வேலை நமக்கே வந்தது. தை பிறந்தது, நீ ஊருக்குப் போனாய், பொங்கலுக்கு. உன் அண்ணன் தெருவெல்லாம் "தங்கச்சி கனடாக்காரன்கூட பேசுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராமே. கல்யாணமும் அப்புறம் உன் இஷ்டப்படிதான் நடந்தது. ஜெயிச்சோம்டி!

போன மழைக்காலத்தில், உழவர்கள் கூடி நடத்தும் கம்பெனிக்காக ஒரு செயலியைச் சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்தோம். வயலில் நின்றே விதை கேட்டுப் பதியும் செயலி. பாதியில் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவேயில்லை. கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பி. முதல்லேர்ந்து அழுதுக்கிட்டு உக்காராத" என்றாய். அழுதேன்தான். இன்னமும் அழுகிறேன். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. செயலியை எழுதிய நகரத்துப் பிள்ளைகளை, பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற நம் கேள்வியால் இரண்டு முறை திருப்பி அனுப்பினேன்.

இன்று உன் ஊரில் கடைசிச் சோதனை. உன் அண்ணனின் வயலில் நின்று பதிந்தோம், சிக்னல் துளியும் இல்லை. ரோட்டை நோக்கி நடந்தோம். வந்தது, பாதியில் அறுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் ஃபோனை எட்டிப் பார்த்தார்.

"குச்சி நட்டிருக்காம்மா?"

"நட்டிருக்குங்கண்ணே."

பாலத்தருகே வந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து, முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "தங்கச்சிகிட்ட சொல்லிடும்மா" என்றார்.

சொல்லிவிட்டேன்டி. நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களின் ஃபோனில் போட்டுக் கொடுக்க ஆரம்பிக்கிறேன். உன் குச்சி என் கையில்தான் இருக்கிறது.