செல்வியின் சி.ஆர்.பி.

செவ்வாய், இரவு

மூட்டில் வலியே இல்லை என்று என் மனைவி செல்வி மாதக்கணக்காகச் சாதித்துவந்தாள். ரத்தம் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சி.ஆர்.பி. என்று ஒரு புரதம், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுமாம். ரிப்போர்ட்டைப் பார்த்த மாட்டுங்காவில் இருக்கும் டாக்டர், "இதோட எப்படிம்மா நடமாடறீங்க?" என்று அசந்துபோனார்.

"பின்னே, இட்லிக் கூடைய யாரு சொமப்பா டாக்டர்?" என்றாள்.

தாராவி வீட்டில் மாவு புளிக்க மாடியில்தான் இடம். கயிற்றைப் பிடித்து ஏறும் இரும்பு ஏணி. தினமும் அவள் ஏற்றும் குண்டானை இன்று நான் தூக்கினேன். பாதியில் மூச்சு வாங்கி நின்றேன்.

"எடது கால மொதல்ல வைங்க. வலது முட்டு தாங்காது" என்றாள் கீழேயிருந்து.

என் முட்டு இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.