படத்தின் இடது ஓரம்

இன்று காலை அலுவலக அலமாரியைத் திறந்ததும், கெட்டுப்போன பிலிம் சுருள்களின் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவுதான். நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது.

தொண்ணூற்றெட்டில், பெங்களூரின் இதே அல்சூர் அச்சகத்தில் நாம் இருவரும் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். கண்டோன்மென்ட் பகுதியின் பணக்காரக் குடும்பம் ஒன்று, ஐம்பதுகளில் தங்கள் வீட்டார் எடுத்த தெருப் படங்களைப் புத்தகமாகப் போடக் கொடுத்திருந்தது. அதில் ஒன்றில், பட்டுச் சேலை கட்டிய பெண்மணி காரிலிருந்து இறங்குகிறார். இடது ஓரத்தில் ஒருத்தி, தலையில் கூடையோடு, வெறுங்காலில் நடந்து போகிறாள். அவளை வெட்டிவிடும்படி மேலாளர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

நான் வெட்டப்போனேன். நீ படத்தைப் பிடுங்கித் தலைகீழாக வைத்தாய்.

"இப்படிப் பாரு. மூஞ்சி கண்ணுல படாது, கோடு மட்டும் தெரியும். அந்த நிழல் எங்க போவுது?"

கூடைக்காரியின் நிழல் சாய்வாக நீண்டு, காரிலிருந்து இறங்கியவரின் காலடியில் முடிந்தது. அந்த நிழல் தன்மேல் பட்டுவிடாமல் அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக் காலைப் பின்னுக்கு இழுத்திருந்தார். அதுவரை, ஒயிலாக நிற்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இவள எடுத்துட்டா, அந்தம்மா எதுக்கு ஒதுங்குறாங்கன்னே தெரியாது," என்றாய்.

மேலாளர் சிரித்தார். "ஓரத்துல போற கூலிக்காரி யாருக்கு வேணும்? குடுத்தவங்க அவங்க அம்மாவத்தான் கேக்கறாங்க."

"அப்ப அவங்களையே கேக்கறேன் சார்."

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனாய், துணைக்கு நான். வேலை போய்விடுமோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம். அந்தப் பெண்மணியின் மகள் படத்தை நேராகவும் தலைகீழாகவும் நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா அப்படித்தான். எங்க வீட்ல வேலை செஞ்சவங்களுக்கு எப்பவும் பின்வாசல்தான்," என்றார். பிறகு மெதுவாக, "முழுசாவே போடுங்க."

புத்தகம் முழுப் படத்தோடு வந்தது. அடுத்த மாதமே மேலாளர் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார். வாசல்வரை வந்த என்னிடம், "அந்தக் கூடைக்காரி பேரு கடைசி வரைக்கும் தெரியலையே," என்றாய். உனக்காக அன்று நான் வாய் திறக்கவில்லை. நீ ஒரு தரமும் குத்திக்காட்டியதில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது படம் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. எதையும் ஓரத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். போன வாரம், ஒரு சாலைத் திறப்புவிழாப் படத்தில் ஜல்லி சுமந்த பெண்களை வெட்டச் சொன்னார்கள். முடியாது என்றேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.