அவரைப் பற்றி எழுத வேண்டாம்

மாசாய், ஜொகூர்
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய வாசுகி அவர்களுக்கு,

நலம்தானா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டுவிட்டேன். நான் லோஷினி, சுகுமாறனின் மனைவி. இரண்டாவதாக வந்தவள் என்று ஊர் சொல்லும். இப்போது இருப்பவள் என்று நான் சொல்வேன்.

உங்கள் போன் எண் அவரிடம் இருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் நான்தான் அதை அழித்தேன். அதனால் ஸ்கூடாயில் உங்கள் ஆய்வுக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். என் எண்ணைத் தர மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் அதையும் என் குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். போன வருடம் ஆபரேஷன் ஆனது. இப்போது கல்லீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. இனி இரினோடெகான் ஏற்றப் போகிறார்களாம். மார்ச் 18, செவ்வாய்க்கிழமை முதல் தவணை.

டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது வாசுகியோட மருந்துலா! டோபோஐசோமெரேஸ்!" என்றார். வாயில் நுழையாத அந்தப் பெயரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். எங்கள் கல்யாண நாளை நான்தான் வருடா வருடம் ஞாபகப்படுத்த வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்தும், "அவங்க சரின்னு சொன்னா போட்டுக்கலாம்" என்கிறார். டாக்டர் சொன்னது போதவில்லை. நான் சொன்னது காதிலேயே ஏறவில்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த மருந்து என்ன செய்யும், போடலாமா? மருந்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரியாத எதையும் எழுத வேண்டாம். அவரை நான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன். விரதம், காவடி எல்லாவற்றையும் வந்த வருடமே நிறுத்திவிட்டேன். இந்த ஆறு வருடத்தில் ஒரு வேளைகூட அவர் பட்டினி கிடந்ததில்லை.

இப்படிக்கு,
திருமதி லோஷினி சுகுமாறன்

*

ஸ்கூடாய்
8 மார்ச் 2025

திருமதி லோஷினி சுகுமாறன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டபடி மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கார் கழுவும் ரப்பர் குழாயைப் பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்க எங்கோ ஓரிடத்தில் முறுக்கு ஏறி, சுருண்டு, தண்ணீர் நின்றுவிடும். நம் உயிரணுக்களில் இருக்கும் டிஎன்ஏவும் இரண்டு இழைகள் பின்னிய கயிறுதான். உயிரணு இரண்டாகப் பிரியும் முன் அந்தக் கயிற்றைப் பிரித்து நகல் எடுத்தாக வேண்டும். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறும். அதைத் தளர்த்துவது டோபோஐசோமெரேஸ் என்ற நொதி. ஓர் இழையை வெட்டி, முறுக்கை விட்டு, வெட்டிய இடத்தைத் தானே ஒட்டியும் விடும். இரினோடெகான் அந்த வெட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ஒட்டவிடாமல் செய்யும். வெட்டு ஆறாமல் நகல் எடுக்கப் போகும் உயிரணு செத்துப்போகும். புற்று ஓயாமல் பெருகுவது என்பதால் அதற்கு அடி அதிகம். குடலின் உள்தோலும் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும்கூட வேகமாகப் பெருகுபவைதான். அவற்றுக்கும் அடி விழும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த நொதியோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அவரோடு நடத்தியது பதினொரு வருடம்தான்.

நல்ல மருந்து. நான் சரி என்று சொன்னதாகச் சொல்லுங்கள்.

அவரைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை.

வாசுகி

*

மாசாய், உங்கள் வீட்டு முனைக்கடை எதிரில், காருக்குள்
16 மார்ச் 2025, ஞாயிறு காலை

லோஷினி,

தபாலில் போட்டால் செவ்வாய்க்குள் வந்து சேராது. அதனால் நானே கொண்டு வந்திருக்கிறேன். உன் நிபந்தனையை மீறுகிறேன்.

பட்டினி கிடந்தால் அவருக்குக் கண் மஞ்சளாகும். தைப்பூச விரதத்தில் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, இது பிறவியிலேயே உள்ளது, கில்பர்ட் என்று பெயர், ஒன்றும் செய்யாது என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் மறந்திருப்பார். நீ ஒரு வேளைகூடப் பட்டினி போடாததால் உனக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் இந்த மருந்துக்கு அது முக்கியம். மருந்து தன் வேலையை முடித்ததும் அதை வெளியே அனுப்புவது கல்லீரலில் இருக்கும் வேறொரு நொதி. கில்பர்ட் உள்ளவர்களுக்கு அது மந்தமாக வேலை செய்யும். மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். முழு அளவு ஏற்றினால் வெள்ளை அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தச் சோதனையில் மஞ்சள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், கல்லீரல் கட்டியால்தான் என்று டாக்டர் நினைத்துக்கொள்ளக்கூடும். கேட்க வேண்டிய மரபணுச் சோதனையின் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே டாக்டர் கையில் கொடு. மருந்தை நிறுத்த வேண்டி வராது. அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள்.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. இது எனக்கு இன்று நினைவுக்கு வந்ததில்லை. பட்டினி என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோதே வந்துவிட்டது. எட்டாம் தேதி பதில் எழுதும்போது, எழுத வேண்டாம் என்றவள் அவள்தானே என்று விட்டுவிட்டேன். பிரிந்து வந்தவள் நானேதான். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. அப்படியிருந்தும், உன் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைப் பார்த்ததும் தாங்கவில்லை. அவர் கண்ணின் மஞ்சளையாவது எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். எட்டு நாள் வைத்திருந்தேன். நேற்று ஆய்வுக்கூடத்தில் அதே மருந்தை அளந்து ஊற்றத் தொடங்கி, பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

என் எண் கீழே இருக்கிறது. நீ பேச வேண்டாம், டாக்டர் கூப்பிடட்டும்.

உன் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டு, மணி அடித்துவிட்டுப் போகிறேன்.

வாசுகி

*

மாசாய்
11 ஏப்ரல் 2025

வாசுகி அக்காவுக்கு,

மணிச் சத்தம் கேட்டு நான் வெளியே வருவதற்குள் உங்கள் வெள்ளை மைவி கார் முனையில் திரும்பிவிட்டது. கேட்டருகிலேயே நின்று படித்தேன். எட்டு நாள் என்ற இடத்தில் வாயில் வந்தபடி உங்களைத் திட்டினேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

உள்ளே போய் இவரிடம் கேட்டேன். "அலமாக், ஆமாலா! ஒண்ணும் செய்யாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்களே" என்றார். அதற்கு மேல் உங்களைத் திட்ட முடியவில்லை. எழுத வேண்டாம் என்று எழுதியது என் கை.

டாக்டர் உங்கள் தாளை இரண்டு முறை படித்தார். ஒரு வாரம் தள்ளிவைத்து, சோதனைக்கு அனுப்பினார். நீங்கள் சொன்னபடியே இருந்தது. அப்பா வழியில் வந்தது, அம்மா வழியில் வந்தது, அந்த மரபணுவின் இரண்டு நகலிலும் மாற்றம் இருக்கிறதாம். அளவைக் குறைத்து ஏற்றினார்கள். அப்படியும் மூன்று நாள் இவருக்குப் பாத்ரூமே கதி. வெள்ளை அணுக்களும் இறங்கின. இப்போது ஏறிவிட்டன. முழு அளவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர், "நல்லவேளை சொன்னீங்க" என்றார். சொன்னது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பாராட்டை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் எட்டு நாளுக்கும் இதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புற்று சுருங்குமா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஜூன் மாதம் எடுப்பார்கள். நேற்று அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டார்.

உங்கள் எண்ணை அவர் போனில் நானே திரும்பப் போட்டிருக்கிறேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பசியில் அவர் கண் மஞ்சளாவதைப் பதினொரு வருடம் பார்த்தவர் நீங்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆனால் அவருக்கு வந்திருக்கும் வியாதியை வைத்துக்கொண்டு, தெரியாமல் இருப்பது எனக்குக் கட்டுபடியாகாது. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, எப்போது எங்கே விழுந்தார், எதற்குப் பயப்படுவார், எல்லாவற்றையும் எழுதுங்கள். எரிந்துகொண்டே படிப்பேன்.

முதலில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். ஆறு வருடமாகப் பூசணிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்களிடம் கேட்க இத்தனை நாளும் வெட்கமாக இருந்தது.

அன்புடன்,
லோஷினி