வட்டத்துக்குள் ஆணி

கொல்லம் 1130 ஆவணி 12 (1954 ஆகஸ்ட் 28), சனி

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

கடல் தாண்டி இருக்கிற உன்னையும் மருமகனையும் பிள்ளைகளையும் ஆண்டவர் தம் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இருவரும் சுகம், அம்மாவுக்கு முட்டு வலி அப்படியே, எனக்கு நெஞ்சில் அவ்வப்போது வருகிற பிடிப்பும் அப்படியே, அதையெல்லாம் சுகத்தில் சேர்த்துக்கொள். இதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை என்று திகைக்காதே, வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன், கையெழுத்தைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். இங்கே தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு, உண்மையோ பொய்யோ, ஆகையால் இதை லாரி ஓட்டுகிற சோமனிடம் கொடுத்துத் திருநெல்வேலியில் போடச் சொல்லப்போகிறேன். அவன் நாலு மணிக்கு இந்த வழி வருவான், இப்போது மணி இரண்டு. கடை பூட்டிக் கிடக்கிறது. நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், ரோட்டில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் பேனா நின்றுவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. தகப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லைதான், ஆனால் வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

போன மாதம் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்ததை அங்கே பேப்பரில் படித்திருப்பாய். அதிலிருந்து இந்தப் பக்கம் மனுஷர் நிம்மதியாகக் கஞ்சி குடித்து நாளாயிற்று. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம் போட்டவர்களில் பாதிப் பேர் மரச்சீனிக் கிழங்கு விளைகளிலும் அம்பூரி மலைப் பக்கமும் ஒளிந்து கிடக்கிறார்கள், மீதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. நம்முடைய நெய்யாற்றின்கரை தாலுகா அங்கே போகுமோ இங்கே மலையாள நாட்டோடேயே நிற்குமோ, ஒருவருக்கும் தெரியாது. நான் எந்தப் பக்கமும் பேசினவன் இல்லை. வீட்டில் தமிழ், கோர்ட்டில் மலையாளம், மரத்துக்கு விலை பேசும்போது இரண்டும், அப்படியே ஐம்பத்தாறு வயது ஓடிவிட்டது. கடைப் போர்டின் கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். தமிழ்ப் போர்டைப் பார்த்து ஒருவர் முறைத்தார் என்று மலையாளத்தில் எழுதிவைத்தேன், அதைப் பார்த்து வேறொருவர் முறைத்தார், கடைசியில் இரண்டையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வாசலில் ஒரு பூட்டையும் ஒரு கீலையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அதைப் பார்த்த உன் அம்மா, இனி ஆளுவ ஊமக்கட எங்கேன்னு கேட்டு வருவாவ என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, இப்போது அவள் சொன்னது சரியென்று படுகிறது.

நம் கடை முத்திரையை நான் உனக்கு விவரிக்க வேண்டியதில்லை, ஏழு வயதில் அந்தச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போய் வேதக்கோயில் பெஞ்சில் அடித்துவிட்டு வந்தவள் நீ, அந்தத் தழும்பு இப்போதும் மூன்றாவது பெஞ்சின் கையில் இருக்கிறது. ஆனால் அது வந்த வழியை முழுவதும் சொன்னதில்லை. உன் பூட்டன், என் அப்பாவின் அப்பா, மரம் அறுக்கிறவராக இருந்து மரம் விற்கிறவரானவர். அம்பூரி மலையிலிருந்து வண்டியில் இறக்கின தேக்கும் அயினியும் ஆற்றங்கரையில் ஐந்தாறு பேருடையது ஒன்றாகக் கிடக்கும், எது யாருடையது என்று தினமும் அடிபிடி. அவருக்கு எழுத்துத் தெரியாது, அதனால் கொல்லனிடம் சொல்லிச் சுத்தியலின் முகத்தில் ஒரு வட்டமும் அதற்குள் ஓர் ஆணியும் வெட்டி வாங்கினார். அதை மரத்தின் வெட்டுவாயில் ஓங்கி அடித்தால் மேலே சீவினாலும் போகாது. பிறகு உன் பாட்டா, என் அப்பா காலத்தில் மரக்கடையோடு ஆணி, கீல், பூட்டு, மண்வெட்டி எல்லாம் சேர்ந்தது, பந்தலுக்கும் மேடைக்கும் பலகை கொடுக்கிற வழக்கமும் அவர் தொடங்கினதுதான். கோயில் கன்வென்ஷனுக்கும் எடுத்துப் போவார்கள், இந்துக்களின் அம்பலத்து உற்சவத்துக்கும் எடுத்துப் போவார்கள், யார் மேடை, எதற்கு மேடை என்று நம் கடையில் கேட்பதில்லை, முத்திரை இருக்கிறதனால் பலகை திரும்பி வந்துவிடும்.

எனக்கு இருபது வயது இருக்கும், நெய்யாற்றில் பெரிய வெள்ளம் வந்து கரையில் கிடந்த நம் மரம் அவ்வளவையும் கொண்டுபோய்விட்டது. உன் பாட்டா என்னையும் கூட்டிக்கொண்டு பூவாறு வரைக்கும் கரையோடே நடந்தார். முகம் தெரியாத ஆட்கள் முத்திரையைப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தார்கள், நிங்ஙளுடேதல்லே, கொண்டுபொய்க்கோ என்று எங்கள் மரத்தை எங்களிடமே இழுத்துக்கூடத் தந்தார்கள். ஓர் இடத்தில் நம் அயினித் தடி ஒன்று ஒரு விதவையின் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கிடந்தது. அவள் பாவம், யாருடைய தடி என்று அறியாமல் அதன்மேலேயே துணி காயப்போட்டிருந்தாள். பேசாமல் நடந்துவிடலாம் அப்பா என்று நான்தான் காதில் சொன்னேன். அவர் போய் அந்தத் துணியை ஒதுக்கி, முத்திரையைக் காட்டி, இது என் தடியாக்கும், அப்பம் இந்தச் சுவரும் எனக்குள்ளதாக்கும் என்று சொன்னார், மறு வாரம் ஆள் கூட்டிப்போய்ச் சுவரைக் கட்டிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் என்னை விட்டு முன்னால் தனியாக நடந்தார். இது நடந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது, இந்த வியாழக்கிழமை முதல் அந்தத் துணி காய்ந்த தடிதான் என் கண்ணில் நிற்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை நான் ஒரு மரம் பார்க்க அம்பூரிக்குப் போயிருந்தேன், கடையில் கிருஷ்ணன்குட்டி மட்டும். உனக்குச் சிலேட்டில் மலையாள எழுத்துப் போட்டுக் காட்டின உன் கிருஷ்ணன்குட்டி மாமன்தான், நம் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாலுகா இங்கேயே நிற்கவேண்டும் என்பது அவர் மனது, அதை என்னிடம் மறைத்ததும் இல்லை. அன்றைக்குச் சந்தைப் பக்கம் துணி தைக்கிற ஒருவன், பெயர் வேண்டாம், ஒரு கூட்டத்துக்குப் பன்னிரண்டு பலகை வேண்டும் என்று வந்து கேட்டிருக்கிறான். தாலுகாவைச் சென்னையோடு சேர்க்கக் கேட்கிற கூட்டம் என்று கிருஷ்ணன்குட்டிக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் கடை வழக்கப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா, இரண்டு பலகை புதிதாக அறுத்தது, முத்திரை இல்லை என்று பார்த்து, வண்டியை நிறுத்தி, சுத்தியலை எடுத்துவந்து அடித்தும் கொடுத்திருக்கிறார். வேறு எந்தக் கடையிலாவது இப்படி ஒரு மடத்தனம் நடக்குமா, நீயே சொல். கூட்டத்துக்கு அனுமதி இல்லை, சாயங்காலம் ஒருவன் மேடையில் ஏறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது, ஓடினவர் ஓட விழுந்தவர் விழ, மேடையைப் பிரித்துப் பலகையெல்லாம் கொண்டுவந்து நம் பாறசாலை ஸ்டேஷன் முற்றத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பெயரை மறைக்கிறேன் என்று தொடங்கிவிட்டு ஊர் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன், என் புத்தி அப்படி இருக்கிறது.

வியாழன் பதினொரு மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸும் கடைக்கு வந்தார்கள். ஒரு பலகையின் நுனியை அறுத்துக் கையில் வைத்திருந்தார். அதை என் முன்னால் போட்டு, இது ஆருடெ முத்ரயாணு என்று கேட்டார். வாய் தானாகவே, அறிஞ்ஞூடா சாறே, ஞங்ஙளுடேதல்ல என்று நம் முத்திரையையே மறுத்துவிட்டது. அதைச் சொல்லும்போது நான் எங்கே நின்றேன் தெரியுமா, பலகை அடுக்குக்கு முன்னால். என் முதுகுக்குப் பின்னால் முந்நூறு பலகை, அத்தனையின் நுனியிலும் வட்டத்துக்குள் ஆணி. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே அவற்றைப் பார்த்தார், பார்த்துச் சிரித்தார். அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. அப்போது கிருஷ்ணன்குட்டி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். முதலாளி மறந்நு போயதாணு சாறே, முத்ர ஞங்ஙளுடேதாணு, பலக கொடுத்தது ஞானாணு என்று முத்திரையையும் பலகை கொடுத்ததையும் தன் வாயால் ஒப்புக்கொண்டார். நான் சொன்ன பொய்க்கும் மறதி என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டு அவர்களோடு நடந்து போனார். அவர் ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பார் என்று பயந்து, நான் ஆணிப் பெட்டியை எடுத்து எண்ணுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

இன்று மூன்றாவது நாள். ஸ்டேஷனுக்குப் போனவர்களில் சிலர் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை உனக்கு எழுத மனம் இல்லை. கடைக்கு சீல் வைப்பார்கள் என்கிறார்கள், என்னைத் தேடி வருவார்கள் என்கிறார்கள், ஒருவரும் வரவில்லை, வராமல் இருப்பது இன்னும் பயமாக இருக்கிறது. உன் அம்மா வியாழன் முதல் சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. இன்று காலை கிருஷ்ணன்குட்டியின் மனைவி கார்த்தியாயினி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவள் கேட்டது அவருடைய கண்ணாடியை மட்டும்தான். ஸ்டேஷனில் சோறு கொடுக்கப் போனாளாம், தரையில் உட்கார்ந்திருக்கிறாராம், ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருக்கிறதாம், கேட்டதற்கு விழுந்தேன் என்றாராம். பிறகு அவள் என்னைப் பார்த்து, அண்ணன் பேடிக்கண்டாம், அண்ணனுக்கு நெஞ்சுக்குச் சொகமில்லன்னு அவருக்கு அறியாமில்லோ, அங்ஙோட்டு வரண்டாம்ன்னு சொல்லிவிட்டாரு, அந்தச் சுத்தியல மட்டும் கெணத்துல போட்டுருங்கோன்னு சொன்னாரு என்றாள். ஓணம் வருகிற நேரம், அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள், பயப்பட வேண்டாம், ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

அவள் போனபின் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன், உன்னிடம் மறைக்கவில்லை. போட்டால் முந்நூறு பலகையையும் என்ன செய்வது, கோயில் கூரையை என்ன செய்வது, இந்த நாட்டில் பாதி வீட்டின் உத்தரத்தில் அந்த முத்திரை இருக்கிறது. நீ அடித்த அந்தப் பெஞ்சும் நினைவுக்கு வந்தது. போடவில்லை. உள்ளே வந்தால் கட்டிலில் என் கோயிலுக்குப் போகிற சட்டையும் வேட்டியும் மடித்து வைத்திருந்தது. போறதுன்னா கஞ்சி குடிச்சிட்டுப் போங்க என்றாள் உன் அம்மா, மூன்று நாளில் அவள் பேசினது அது ஒன்றுதான். ஆகவே போகிறேன். சுத்தியலைக் கையோடு கொண்டுபோய் அந்த முற்றத்தில் கிடக்கிற பலகையில் அவர்கள் பார்க்க ஒரு தரம் அடித்துக் காட்டி, இது என் முத்திரை, என் பலகை, கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிற வழக்கமும் என்னுடையது, இந்த மனுஷனை விடுங்கள் என்று சொல்லவேண்டும். வழியில் எத்தனை தரம் திரும்பி வரப் பார்ப்பேனோ தெரியாது. ஸ்டேஷன் வாசல் வரை சோமனின் லாரியிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், லாரியில் ஏறிவிட்டால் இறங்கி ஓட முடியாது.

நீ அங்கே ஊரடங்கு, பட்டாளக்காரர் சோதனை என்று எழுதியபோது நான் உனக்கு ஒரு புத்தி எழுதினேனே, யார் எது கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு என்று. அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்காதே. மற்றதெல்லாம் இருக்கட்டும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மழையில் நனையாதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. என்னிடமிருந்து ஒரு மாதம் கடிதம் வராவிட்டால் பதறிப் புறப்பட்டு வந்துவிடாதே, அம்மாவுக்கு எழுது, கார்த்தியாயினிக்கும் இரண்டு வரி மலையாளத்தில் எழுது, எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்கு அது சந்தோஷமாக இருக்கும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக, பிள்ளைகளுக்கு என் முத்தம்.

சோமன் ஆரன் அடிக்கிறான். இனிப் பெயரை மறைத்துப் பிரயோசனம் இல்லை லீலாபாய். கீழே பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்பு வட்டம் மை கொட்டினது அல்ல. விளக்குக் கரியைச் சுத்தியலின் முகத்தில் தடவி, உன் அம்மா தாளைப் பலகைமேல் விரித்துப் பிடிக்க, நான் அடித்தேன். கொஞ்சம் சரிந்துவிட்டது. தாளைத் திருப்பித் தடவிப் பார், ஆணியின் தலை உன் விரலுக்குத் தட்டுப்படும்.

இப்படிக்கு உன் அப்பா,
பாலையன் மகன் செல்லையன் மகன் சுவாமிதாஸ்,
மரக்கடை, பாறசாலை.